வெட்டுப்பலகை ஆம்ப்ளிஃபயர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு சனிக்கிழமை மதியம், சியோலின் உல்ஜிரோ சந்தில், பியோ அண்ணனின் உலோகப் பட்டறை வாசலில். மிரியோங் அக்கா துணியில் எதையோ சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"எழுதிக்கோ தம்பி. உன் பாஷையில எழுதினா எங்க ஆளுங்க யாரு படிக்கப் போறா? நூடுல்ஸைத் தரையில கொட்டின மாதிரி இருக்கு உன் எழுத்து."

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சியோல் நகரத்தின் மேல் மழை விடாமல்' — அதோடு விட்டுவிட்டேன். அன்று நல்ல வெயில். பயமுறுத்தும் கதை என்றால் கை தானாக மழையைத் தேடிப் போகிறது.

2

துணியை அவிழ்த்தாள். உள்ளே சமையலறை வெட்டுப்பலகை. அதன் மேல் ஆணி அடித்து நிறுத்திய ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர். பெட்டி கிடையாது, மூடி கிடையாது. கம்பிகள் அப்படியே வெளியே தெரிந்தன. பலகையில் பூண்டு வாசனை இன்னும் போகவில்லை.

அவள் புருஷன் தாக் ஜேஹோ கட்டியது. சொந்தக் கையால் ஆம்ப்ளிஃபயர் கட்டும் எங்கள் சிறு கூட்டத்தில் அவரும் ஒருவர். இங்கே எல்லாருக்கும் அடுக்குமாடி வீடு, சுவர் மெல்லிசு. பாட்டைச் சத்தமாக வைக்க முடியாது. அதனால் ஹெட்ஃபோன். கட்டுவதில் ஜேஹோவுக்கு நிகர் இல்லை. ஆனால் எதற்கும் பெட்டி போட மாட்டார். "உன் ஆம்ப்பு எல்லாம் அம்மணமா நிக்குதேய்யா, ஒரு ஜட்டியாவது மாட்டி விடு" என்று பியோ அண்ணன் கிண்டல் செய்வார். வசந்த காலத்தில் ஒரு காலை, ரயிலுக்கு நின்றுகொண்டிருந்த இடத்திலேயே ஜேஹோ விழுந்து இறந்துபோனார்.

(ஜேஹோவை நான் முதல் பிரதியில் அன்பான கணவராக எழுதியிருந்தேன். அதை அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறைக்காரன் எட்டிப் பார்த்தான். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.)

3

"இதுக்குப் பெட்டி போட்டுக் குடுங்க. கெட்டியா" என்றாள்.

"ஞாபகார்த்தமாவா அக்கா?"

"பேசுது. அதை நிறுத்தணும்."

பியோ அண்ணன் உலோகம் குடையும் மில்லிங் மெஷினை நிறுத்தினார்.

பாட்டுக்கென்று எதையும் சொருகாமல், சும்மா ஹெட்ஃபோனை மாட்டினாலே கேட்கிறதாம். முதலில் இரைச்சல். பிறகு ஜேஹோவின் குரல். "சாப்டியா?"

எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை. மூடாத ஆம்ப்ளிஃபயரில் உள்ளே வரும் கம்பி ஏரியல் மாதிரி வேலை செய்யும். ரேடியோவைப் பிடிக்கும், டாக்ஸிக்காரனின் வயர்லெஸ் பேச்சைப் பிடிக்கும். இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்கும் முதல் கேள்வியே சாப்பிட்டாயா என்பதுதான். இதைச் சொன்னேன்.

"அவர் குரல்தான் தம்பி. எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு. உயிரோட இருந்தப்ப அந்த மனுஷன் ஒரு நாள்கூட என்னைச் சாப்டியான்னு கேட்டதில்ல. குரல் அவரு. கேக்கறது யாரு?"

நான் குனிந்து பலகையின் கம்பிகளைப் பார்த்தேன்.

"ஒரு தடவை பதில் சொன்னேன். 'சாப்டேன்'னு."

"ஆம்ப்ளிஃபயருக்குக் காது கிடையாதுக்கா."

"எனக்கும் தெரியும். சொன்ன உடனே இரைச்சல் நின்னுடுச்சு. அப்புறம், 'அப்போ கெளம்பலாம்'னு சொல்லுச்சு. அன்னிலேர்ந்து எப்ப கேட்டாலும் 'இன்னும் இல்ல'ன்னுதான் சொல்றேன்."

அப்போதுதான் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கிப் போயிருந்தது.

"அக்கா, நீங்க நெஜமாவே சாப்பிடறதில்லையா?"

"பொய் சொல்லப் பயமா இருக்கு" என்றாள் சின்னக் குரலில். "ஒரு வாய் கஞ்சி. அதுவும் சாப்பாடுன்னு சொல்ல முடியாத அளவுக்கு."

"கேக்காம இருக்க வேண்டியதுதானே? தூக்கிப் போட்டுட வேண்டியதுதானே?" என்றார் பியோ அண்ணன்.

"என்னால கேக்காம இருக்க முடியலண்ணே. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சுக் கேக்கறாரு."

*இங்கே ஒரு வாசகர் கேட்கலாம்: இவள் துக்கத்தில் கற்பனை செய்துகொள்கிறாள் என்று எழுதிவிட்டால் என்ன? எழுதிப் பார்த்தேன். அடுத்த பகுதியில் நடந்ததை வைத்துக்கொண்டு அப்படி எழுத முடியவில்லை.

4

பியோ அண்ணன் அலுமினியக் கட்டியை மேஜையில் போட்டார். "உள்ள பேய் இருந்தாலும் சரி, பூனை இருந்தாலும் சரி, ஓட்டை எந்த அளவுன்னு சொல்லு, அது போதும் எனக்கு."

நான் சர்க்யூட் போர்டைப் பலகையிலிருந்து கழற்றினேன். அவர் கட்டியைக் குடைந்தார். ஹெட்ஃபோனுக்கு ஒரு துளை, வால்யூம் குமிழுக்கு ஒன்று, பின்னால் பாட்டு வரும் கம்பிக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று. பிசிறுகளை அரத்தால் தேய்த்தார். மூலையில் பூச்சைச் சுரண்டிவிட்டு, எர்த் கம்பியை வெறும் உலோகத்தில் முறுக்கினேன். அந்த ஒரு கம்பி சரியாக இருந்தால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது.

மூடுவதற்கு முன் சோதிக்க வேண்டும். ஹெட்ஃபோனை நான் மாட்டினேன்.

இரைச்சல். அதற்குப் பின்னால், அடுத்த வீட்டில் யாரோ பேசுவது மாதிரி ஓர் ஆண் குரல். சொற்கள் புரியவில்லை. ஆனால் அது கேள்வி என்று தெரிந்தது, கடைசியில் குரல் சற்று மேலே ஏறியது. பிறகு ஓர் அமைதி. பதிலுக்குக் காத்திருப்பவர்கள் விடும் அமைதி.

[அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். வாய் திறக்கப் போனேன் என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.]

பியோ அண்ணன் என் தலையிலிருந்து ஹெட்ஃபோனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"டாக்ஸிக்காரன்" என்றார். ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையின் அந்தக் கோடியில் வைத்தார். பிறகு, வெட்டித் தயாராக இருந்த மூடியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதைவிடத் தடியான தகட்டை எடுத்து மறுபடி வெட்ட ஆரம்பித்தார்.

நாலு மூலையிலும் ஸ்க்ரூவை முறுக்கி மூடினார். அக்கா ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடினாள். இரைச்சல்கூட இல்லை என்று அவள் முகமே சொன்னது. வால்யூமைக் கடைசி வரை திருப்பினாள்.

"இல்ல" என்றாள். பிறகு, "இப்பதான் தம்பி அவர் செத்தார்."

பட்டறைக்குள் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. பியோ அண்ணன் எண்ணெய்த் துணியை நீட்டி, அது எண்ணெய்த் துணி என்று தெரிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

5

முடிவு ஒன்று: மூவரும் பக்கத்துச் சந்தில் கல்குக்சு நூடுல்ஸ் கடைக்குப் போகிறோம். கடைக்காரி கிண்ணத்தை எடுக்க வருகிறாள். பியோ அண்ணன் தொப்பியை மாட்டிக்கொண்டு, "அப்போ கெளம்பலாம்" என்கிறார். அக்கா உறைந்துபோகிறாள்.

நன்றாக இருக்கிறது. ஆனால் நடக்கவில்லை. பியோ அண்ணன் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்து டிவியைத் திட்டிக்கொண்டிருந்தார். கடைக்குப் போனது மட்டும் உண்மை.

முடிவு இரண்டு: அந்த ஆம்ப்ளிஃபயரில் அக்கா இப்போது பாட்டுக் கேட்கிறாள். இதையும் எழுதி வைத்திருந்தேன். ஜின்கோ மரத்து இலைகள் மஞ்சளாகி விழும் வரைக்கும் அதுதான் முடிவாக இருந்தது.

அன்று பட்டறைக்கு வந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது, உதட்டில் சாயம். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

"அண்ணே, அதே அளவுல நாலு ஸ்க்ரூ வேணும்."

"எதுக்கு தங்கச்சி?"

"தொலைஞ்சுபோச்சு."

"நாலுமா?"

அவள் மேஜையில் இருந்த ஸ்க்ரூ டப்பாவைக் காட்டினாள். எதற்கும் ஏதாவது குத்தலாகச் சொல்லும் பியோ அண்ணன், அன்று ஒன்றும் பேசாமல் டப்பாவைத் துழாவி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். திறந்ததை மூடத்தான் கேட்டாளா, திரும்பத் திரும்பத் திறந்து மூடி மரை தேய்ந்துவிட்டதா, எனக்குத் தெரியாது.

படி இறங்கும்போது என்னைப் பார்த்தாள். "கதை முடிஞ்சுதா?"

"இல்லக்கா. என்ன முடிவு வைக்கட்டும்?"

"உன் இஷ்டம். நான் பைத்தியம்னு எழுது, செத்துட்டேன்னு எழுது, கவலையில்ல." ஒரு படி இறங்கி நின்றாள். "சாப்டேன்னு மட்டும் எழுதாத."

வீட்டுக்கு வந்து, நூடுல்ஸ் கடையில் அக்கா என்ன செய்தாள் என்று எழுதியிருந்த இரண்டு வரிகளையும் அடித்தேன். 'முடிவு இரண்டு' என்பதையும் அடிக்கலாமா என்று தெரியவில்லை, அது அப்படியே இருக்கட்டும். மற்றபடி உங்களுக்குத் தோன்றும் முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மனதுக்குள் வைத்துக்கொண்டால் போதும். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.