நிஸ்தார் களவெடுத்த நெட்

நாற்பது வருடம் கலியாண வீடுகளில் சோறாக்கியவன் நான். அடுப்படியில் நின்றவனுக்கு மனிசரைத் தெரியும். நெய் டின்னைத் திறந்து வைத்துவிட்டு உப்பெடுக்கத் திரும்பினால், வருவதற்குள் கால்வாசி குறைந்திருக்கும். எடுத்தவர் அன்று லுஹர் தொழுகையில் முன் வரிசையில் நிற்பார். அதனால் நான் யாரையும் இலேசில் நம்புவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சாமானை விற்கிறவனை அறவே நம்புவதில்லை.

நெட் அப்படியான சாமான்.

எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவள் என் மகள் சப்னா. கொழும்பில் இருக்கிற ஒரு கம்பனிக்கு வீட்டில் இருந்தபடியே வேலை செய்கிறாள். வெளிநாட்டுக்காரர் கதைக்கிற வீடியோக்களுக்குக் கீழே தமிழில் எழுத்துப் போடுகிற வேலை. காலை ஒன்பது மணிக்கு வீடியோ வரும். அதை இறக்கி எடுத்து, கேட்டு எழுதி, பன்னிரண்டு மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இறக்குவதற்குக் கால் மணித்தியாலம் போதும். சில நாள் அப்படித்தான் நடக்கும். சில நாள் பத்தரையாகியும் அந்தப் பச்சைக் கோடு பாதியில் நிற்கும். பிள்ளை அதைப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள். பிறகு தேத்தண்ணி கூடக் குடிக்காமல் அரக்கப்பரக்க எழுதி அனுப்புவாள். மூன்று நாள் ஏலாமல் போய்விட்டது. பிந்திவிட்டாள்.

மூன்றாம் நாள் கம்பனியில் இருந்து எழுதியிருந்தார்கள். இன்னுமொரு தடவை பிந்தினால் வீட்டில் இருந்து வேலை இல்லையாம். கொழும்பு ஒபிசுக்கு வந்து, ஹொஸ்டலில் தங்கித்தான் செய்ய வேண்டுமாம்.

"போறதெண்டா போ," என்றேன். "கொழும்புலயும் மனிசர்தானே இரிக்காங்க."

வாயால் சொல்லிவிட்டேன். அன்று பகல் சோறு இறங்கவில்லை. எனக்கு மூன்று ஆண்பிள்ளைகள். காத்தான்குடி வழக்கப்படி மூன்று பேரும் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெண்பிள்ளைதான் வீட்டோடு இருப்பவள். இந்த வீடே அவள் பெயரில்தான் எழுதியிருக்கிறது. அவள் போனால் நானும் என் மனைவி கைறுன்னிஸாவும் அவளுடைய வீட்டுக்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.

சப்னா தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தாள். ரவுட்டரை நிறுத்திப் போட்டாள். வயரை மாற்றினாள். பாஸ்வேர்டை மூன்று தரம் மாற்றினாள். ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போனாள், குசினிக்குப் போனாள், அலுமாரிக்கு மேலே ஏறினாள். எங்கே வைத்தாலும் இன்னும் மோசம். டவர் வாவிப் பக்கம் நிற்கிறது. அதனால் மேற்குப் பக்க யன்னல்தான் அதற்குச் சரி என்று பூட்ட வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். திரும்பவும் அந்த யன்னலிலேயே வைத்தாள்.

எனக்கு எழுத்து பெரிதாக வராது. நான் கரித்துண்டை எடுத்து கிணற்றுக்கட்டில் கோடு போட்டேன். நெட் ஓடின நாளுக்கு நின்ற கோடு. ஓடாத நாளுக்குப் படுத்த கோடு. முதலில் வரிசையாகப் படுத்த கோடுகள். பிறகு மூன்று நின்ற கோடு. பிறகு பன்னிரண்டு படுத்த கோடு. பிறகு திரும்பவும் கோடு நிமிர்ந்தது.

அப்படி நிமிர்ந்த முதல் நாள் பார்த்துத்தான் நெட் கம்பனிக்காரன் றிப்ஷான் வந்தான். ஒரு கிழமையாகப் போன் அடித்து அடித்து வரவழைத்த ஆள். தன் போனை யன்னலுக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"ஸ்பீட் முப்பத்தெட்டு காட்டுது வாப்பா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"நேத்து வந்திரிந்தா தெரிஞ்சிரிக்கும்."

"நேத்து எனக்கு வாழச்சேனயில வேல. இண்டைக்கு நோய் இல்லாட்டி நான் என்னத்துக்கு மருந்து தாற?"

தேத்தண்ணியைக் குடித்தான். பேப்பரில் என்னிடம் கையெழுத்து வாங்கினான். போய்விட்டான். இவனும் அவர்களோடு கூட்டு என்று நினைத்துக்கொண்டேன். 'அவர்கள்' யார் என்றுதான் பிடிபடவில்லை.

அடுத்த நாள் கிணற்றடியில் அதுவும் பிடிபட்டது. மூன்று நின்ற கோடும் பக்கத்து வீட்டு நிஸ்தாரின் மகளுக்குக் கலியாணம் நடந்த மூன்று நாள். இப்போது நிமிர்ந்து நிற்கிற இரண்டு கோடும் அவன் மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு விருந்து வைக்கிற நாட்கள். அவன் வீட்டில் விசேஷம் என்றால் என் வீட்டில் நெட் ஓடுகிறது. விசேஷம் முடிந்தால் படுக்கிறது. அர்த்தம் என்ன? விசேஷ நாளில் அவன் வீட்டாருக்குப் போன் பார்க்க நேரமில்லை. மற்ற நாளெல்லாம் என் யன்னலால் உறிஞ்சுகிறார்கள்.

அசர் தொழுத கையோடு அவன் வாசலுக்குப் போனேன். நிஸ்தார் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றான். துணிக்கடை வைத்திருக்கிறவன், என்னை விடப் பத்து வயது இளையவன்; அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் என்னைக் கூப்பிடுவான்.

"நிஸ்தார், என்ட நெட்ட களவெடுக்கிறது நீதானே?"

"என்ன காக்கா?"

கணக்கைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"காக்கா, கலியாணத்துக்கு முன்னூறு பேர் வந்தாங்க. முன்னூறு பேர்ட கையிலயும் போன். அண்டைக்குப் போன் பாக்காத ஒருத்தன் எண்டா அது மாப்பிள மட்டும்தான்."

உள்ளே இருந்த சம்பந்தி வீட்டாரும் சிரித்தார்கள். எனக்கு ஏறிவிட்டது.

"கள்ளனுக்கு வாய் நல்லாத்தான் இரிக்கி!" என்று கத்தினேன்.

சிரிப்பு நின்றது. நிஸ்தார் கையில் இருந்த கதிரையைக் கீழே வைத்தான். "புதுச் சம்பந்திக்கு முன்னால சொல்லிட்டீங்க," என்றான்.

வீட்டுக்கு வந்தால் கைறுன்னிஸா வாசலிலேயே நின்றாள். ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கிறது.

"அவன்ட வீடு ரெண்டு மாடி. சொந்த லைன் இரிக்கி. உங்கட நொண்டி நெட் அவனுக்கு எதுக்கு?"

"உள்ளவன்தான் எடுப்பான். இல்லாதவனுக்கு எடுக்கவும் தெரியா."

அடுத்த நாள் காலை ஒன்பது மணி. சப்னா அறைக்குள் இருந்தாள். நான் முன் வாசலில் இருந்தேன். "ஓடுது வாப்பா, கெதியா ஓடுது," என்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி வாய் மூடவில்லை, ஒழுங்கையில் டங்டங் என்று சத்தம். நிஸ்தார் என் கிடாரத்தை உருட்டிக்கொண்டு வருகிறான்.

அது செம்புக் கிடாரம். இருபத்தைந்து கிலோ அரிசி ஒரே தடவையில் வேகும். முழங்கால் போன பிறகு நான் ஆக்கப் போவதில்லை, கிடாரம் மட்டும் போகும். ஊரில் யாருக்கு விசேஷமென்றாலும் என் கேற்றுக்கு வந்து, "காக்கா, கிடாரம்" என்பார்கள். இல்லை என்று சொன்னதில்லை. கூலி வாங்கினதும் இல்லை. திருப்பித் தருகிறவர்கள் வெறுமனே தரமாட்டார்கள். ஒரு சட்டி நெய்ச்சோறாவது, வட்டிலப்பமாவது உள்ளே வைத்துத்தான் தருவார்கள். அது எங்கள் பக்கத்து மரியாதை. கலியாணம் முடிந்து நிஸ்தாரும் அப்படித்தான் தந்தான். பிறகு விருந்துக்கென்று திரும்பவும் கொண்டுபோனவன், இன்று அதைத் தனியாக உருட்டிக்கொண்டு வந்தான். சேர்ட் நனைந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். கிடாரம் வெறுமையாக இருந்தது. அடி விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

நான் பின்னால் வர, அவன் வீட்டைச் சுற்றிப் போய், மேற்குச் சுவரில் அந்தத் தாழ்ந்த யன்னலுக்கு நேரே அதன் வழக்கமான இடத்தில், வாய் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தான்.

"உங்கட சாமான். ஓட்ட ஒடசல் இல்ல. பாத்துக்கங்க."

உள்ளே இருந்து சப்னா கத்தினாள். "வாப்பா! நிண்டிட்டு!"

எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? "பாத்தியா? நீ வந்து நிண்ட உடன அது நிண்டிட்டு!"

நிஸ்தார் இடுப்பு மடியில் இருந்த போனை எடுத்தான். நிறுத்தினான். அப்படியே மணலில் போட்டான். "இப்ப கேளுங்க."

"மகள், ஓடுதா?"

"இல்ல!"

"சரி, நான் போறன். போன பிறகு கேளுங்க." போனையும் எடுத்துக்கொண்டு ஒழுங்கை முனை வரைக்கும் நடந்தான்.

"ஓடுதா மகள்?"

"இல்ல வாப்பா, நாப்பத்திரெண்டுல நிக்கிது!" அவள் குரல் உடைந்திருந்தது. "இண்டைக்கும் பிந்தினா சரி. நான் பேக்க கட்டுறன்."

ஒழுங்கை முனையில் இருந்து நிஸ்தார் கேட்டான்: "இனி எங்க போகச் சொல்றீங்க, ஏறாவூருக்கா?"

கேட்டுவிட்டு அவன் நேரே வந்தான். கிடாரத்துக்கு முன்னால் நின்றான்.

"நான் வந்தன், நிண்டிச்சி. நான் போனன், ஓடல்ல. என்னோட வந்ததுல போகாம நிக்கிறது இது ஒண்டுதான் காக்கா."

சொல்லிக்கொண்டே வளையத்தைப் பிடித்துக் கிடாரத்தை இழுத்தான். நாலு முழம் தள்ளி உருட்டினான்.

"ஓடுது! வாப்பா, ஓடுது!"

நான் நம்பவில்லை. எப்படி நம்புவது? கிடாரத்தைப் பிடித்துத் திரும்பவும் யன்னலுக்கு முன்னால் தள்ளினேன்.

"நிண்டிட்டு! ஆரு அங்க, என்ன செய்யிறீங்க?"

"காக்கா, புள்ளட வேல! இதுலயா சோதன பாக்கிற?" என்று நிஸ்தார் என்னை ஒதுக்கிவிட்டுக் கிடாரத்தை உருட்டினான். நானும் கூடப் பிடித்தேன். ஒழுங்கையில் வைக்கப் பார்த்தோம். பின்னால் ஒரு ஓட்டோ வந்து ஹோர்ன் அடித்தது. வேறு வழியில்லை. ஆளுக்கொரு வளையமாகத் தூக்கிக்கொண்டு அவன் முற்றத்துக்கே போனோம். அங்கே வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, எங்கள் சுவருக்கு மேலால் சப்னாவின் தலை தெரிந்தது.

"முழுக்க இறங்கிட்டு வாப்பா. ஒன்பது இருபதுதான்."

சிரித்தபடி காரணத்தையும் சொன்னாள். டவரில் இருந்து வருகிற சிக்னல் யன்னலால் வர வேண்டுமாம். இவ்வளவு பெரிய செம்பு குறுக்கே நின்றால் சுவர் வைத்த மாதிரித்தானாம். இத்தனை நாளும் அவளுடைய கண்ணுக்கும் அது படவில்லை. பிறந்த நாளில் இருந்து அந்த இடத்தில் கிடாரத்தைக் கண்டவளுக்கு அது வீட்டுச் சுவர் மாதிரித்தான். ரவுட்டர் பூட்டின அன்று அது பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சப் போயிருந்தது. விசேஷம் என்றால் கிடாரம் நிஸ்தார் வீட்டில். அதனால் எங்கள் நெட் ஓடியது. என் கோடுகளில் பிழை இல்லை. நான் வாசித்த வாசிப்பில்தான் பிழை.

சம்பந்தி வீட்டார் வெளிக்கிட ஆயத்தமாக முற்றத்தில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் சொன்னதை அவர்களுக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும்.

"நேத்து நான் இவன கள்ளன் எண்டன்," என்றேன். "அது பொய். கள்ளன் என்ட வீட்டுலதான் இரிந்திச்சி. இந்தா, இவர்தான்." கிடாரத்தில் தட்டிக் காட்டினேன்.

மாப்பிள்ளையின் வாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிஸ்தார் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றான். குடித்தேன். இரண்டாவது கோப்பைக்குத்தான் அவன் என்னைப் பார்த்தான்.

"இத இனி எங்க வெப்பீங்க?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. எங்கள் வளவு கையளவு. முன்னால் ஒழுங்கை, பின்னால் கிணறு, கிழக்கே குசினி. மேற்குச் சுவரை விட்டால் கிடாரத்துக்கு இடம் இல்லை.

"இஞ்ச மாடிப்படிக்குக் கீழ சும்மாதான் கிடக்கு," என்றான்.

நான் கிடாரத்தைப் பார்த்தேன். கிடாரம் அவன் வீட்டில் என்றால் கேட்டு வருகிறவர்களும் அவன் கேற்றுக்குத்தான் வருவார்கள். என் பேர் அதோடு போய்விடும். ஒரு செக்கன் அதை நினைத்தேன். பிறகு பிள்ளை பேக் கட்டுகிறேன் என்று சொன்ன குரலை நினைத்தேன்.

"வெய்," என்றேன். "புளி போட்டுத் தேய்க்கணும். உள்ளுக்குப் பூசின ஈயம் போனா எனக்கிட்ட சொல்லணும்."

"சரி காக்கா."

சப்னா பதினொன்று நாற்பதுக்கு வேலையை அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாதமாக ஒரு நாளும் பிந்தவில்லை. கம்பனி வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டது. நிஸ்தாரும் ஒரு வேலை செய்தான். கிடாரம் கேட்டு யார் வந்தாலும், "காக்காட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டு வாங்க," என்று என்னிடம் அனுப்புகிறான். வருகிறவர்கள் இரண்டு வீட்டுக்கும் நடக்கிறார்கள். இது என்ன வீண் அலைச்சல் என்று கைறுன்னிஸா கேட்கிறாள். நடக்கட்டும், நெய்ச்சோறு தின்னப் போகிறவர்கள்தானே.

காலை ஒன்பது மணிக்கு மகளின் அறைக் கதவு சாத்தியிருக்கும். கால் மணித்தியாலத்தில் திறந்து, "வாப்பா, பிளேன்டீ," என்பாள். நான் ஊற்றிக் கொடுப்பேன். சீனி கூடிப்போச்சு என்று தினமும் சொல்கிறாள். கூடத்தான் போடுவேன். ஹொஸ்டலில் யார் போட்டுக் கொடுப்பார்கள்?