மாவு மூட்டைக் கொடி

சைலஸ் குரோக்கர் கொடியின்மேல்தான் உட்கார்ந்திருந்தான். படகின் பின்முனையில் சுக்கான் பிடிப்பவனுக்கென்று இருக்கும் பலகை ஒரு முழம்கூட அகலமில்லை. அதன்மேல் கொடியை நாலாய் மடித்துப் போட்டிருந்தான். அது இருக்க வேண்டிய இடம் கரையில் நின்ற அறுபதடிக் கொடிமரத்தின் உச்சி. ஆனால் முந்தின நாள் அதைக் கொடுக்கப் போனபோது மேஜர் வின்டர்போர்ன் விரல்நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்.

மேஜர்தான் பெல்ஸ்டோக் படகுப் போட்டியின் செயலாளர். போட்டிக்கு முந்தின நாள் ஆற்றோரத்துக் கிளப்புகள் எல்லாம் தங்கள் கொடியைக் கமிட்டிக் கூடாரத்தில் ஒப்படைத்துவிடும். ஜெயித்த படகு கொடிமரத்துக்கு நேர் கீழே வந்து நிற்கும். அதன் கொடி உச்சிக்கு ஏறும். ஏறிய பிறகுதான் படகு நகரும், அடுத்த பந்தயம் புறப்படும். எழுபது வருஷமாக இதுதான் வழக்கம். அந்த எழுபது வருஷமும் சைலஸின் தடுப்பணைத் தெரு கிளப்பின் கொடி மட்டும் ஏறவில்லை. கையால் வேலை செய்து பிழைக்கிறவன் கனவான்களோடு சேர்ந்து துடுப்பு வலிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. போன வருஷம்தான் அது ஒழிந்தது. சட்டம் ஒழிந்தாலும் சிலருக்கு அது இன்னும் ஜீரணமாகவில்லை.

"என்னப்பா இது, மாவு மூட்டையா?" என்றார் மேஜர்.

"ஆமா சார். நம்ம கில்பர்ட் ரொட்டிக் கடை மாவு மூட்டை. நடுவுல பச்சைக் கோடு கரி வண்டித் தார்ப்பாய். என் வீட்டுக்காரி தைச்சா."

"பட்டியல்ல இருக்கிற கொடிதான் மரத்துல ஏறும். உங்க கிளப் பேரு பட்டியல்ல இல்லையே."

"பட்டியல்ல எப்படி சார் சேர்றது?"

"தொடர்ந்து மூணு வருஷம் போட்டியில கலந்துக்கிட்டிருக்கணும்."

"எழுபது வருஷமா உள்ளயே விடலயே சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அதுவுமில்லாம, கொடி ஏறணும்னா முதல்ல ஜெயிக்கணும்ல?" என்று மேஜர் சிரித்தார். சுற்றி நின்ற வைக்கோல் தொப்பிகள் அத்தனையும் சேர்ந்து சிரித்தன.

பட்டியலைக்கூட சைலஸ் பொறுத்துக்கொண்டிருப்பான். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கொடியை மேசைமேல் வைத்தான். ஹெஸ்டர் அதையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யோவ், இதை நான் அடுப்பு துடைக்கவா தைச்சேன்? நாளைக்கு இது மரத்துல ஏறலேன்னா நீ வீட்டுப் படி ஏறாதே."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

மறுநாள் நால்வர் பந்தயத்தில் அவர்களுக்கு எதிர்ப்படகு ஸ்வான்மீட் கிளப். புதுப் படகு, ஊதாச் சட்டை, சம்பளத்துக்கு வைத்த பயிற்சியாளர். தடுப்பணைத் தெரு படகில் ரொட்டிக்காரன் கில்பர்ட், கரிவண்டி ஓட்டும் நெட், படகுப்பட்டறைத் தச்சர்கள் இருவர். சுக்கானில் சைலஸ், ஆள் ஒல்லி, குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். பாலம் தாண்டும்வரை பின்தங்கித்தான் போனார்கள். "டேய் கில்பர்ட், மேஜர் உன் மாவு மூட்டையைப் பாத்துச் சிரிச்சான்டா! இழுடா!" என்று சைலஸ் கத்தினான். கில்பர்ட் இழுத்தான். மற்ற மூவரும் இழுத்தார்கள். மூன்றடி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

எதிர்க்கரையில், டிக்கெட் வாங்காமல் நிற்கும் கூட்டத்திலிருந்து கிளம்பிய கூச்சலில் வாத்துகள் பறந்தன.

படகு கொடிமரத்தின் கீழ் வந்து நின்றது. மரம் மொட்டையாக நின்றது. மேஜர் ஒலிபெருக்கிக் குழாயை வாயில் வைத்தார்.

"ஜெயிச்சாச்சு, சந்தோஷம். படகை எடுங்க."

"கொடி இன்னும் ஏறல சார்," என்றான் சைலஸ்.

"ஏறாது."

"அப்போ நாங்களும் நகர முடியாது சார். விதிப் புத்தகத்துல ஒம்பதாவது விதி. கொடி ஏறும்வரை ஜெயிச்ச படகு இடத்தை விட்டு நகரக் கூடாது. நீங்கதான் அச்சடிச்சுக் குடுத்தீங்க."

"போலீசைக் கூப்பிடுவேன்!"

"தாராளமாக் கூப்பிடுங்க சார்," என்றான் கில்பர்ட். "தொப்பி பூட்ஸெல்லாம் கழட்டிட்டு வரச் சொல்லுங்க, தண்ணி ஆழம்."

"போலீஸ்காரனுக்கு நீச்சல் வருமாடா?" என்று நெட் கேட்க, ஐந்து பேரும் சிரித்தார்கள்.

அரை மணி நேரம் போனது. மேலே புறப்படும் இடத்தில் அடுத்த பந்தயத்துப் படகுகள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. கோப்பை கொடுக்க வந்த சீமாட்டி இரண்டு தடவை கடிகாரம் பார்த்தாள். ஸ்ட்ராபெர்ரிக் கிண்ணத்தில் ஈ மொய்த்தது. அப்போதுதான் மேஜருக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது. கொடிமரத்து ஆளைக் கூப்பிட்டு, கொடியேற்றும் கயிற்றை உச்சிக் கப்பியிலிருந்து முழுக்க உருவிப் போடச் சொன்னார். கயிறு பொத்தென்று புல்லில் விழுந்தது.

"இன்னிக்கு இனிமே எவன் கொடியும் ஏறாது. கயிறே இல்ல. ஒம்பதாவது விதியும் இல்ல. கிளம்புங்க!"

கில்பர்ட்டின் தோள் தொங்கிப்போனது. நெட் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். சைலஸ் அண்ணாந்து மரத்தைப் பார்த்தான். ஒரு மாவு மூட்டை ஏறிவிடக் கூடாது என்பதற்காக ஊர்க் கொடிகள் அத்தனையையும் நிறுத்தத் துணிந்த மனுஷன்! பிறகு பார்வை கயிற்றுக்குப் போனது. திடீரென்று அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னண்ணே, புத்தி கலங்கிடுச்சா?" என்றான் கில்பர்ட்.

"நான் என்ன வேலை பார்க்கிறேன்னு மேஜருக்கு மறந்துபோச்சுடா."

பெல்ஸ்டோக் மாதாகோயில் உச்சியில் காற்றுத் திசை காட்டும் இரும்புச் சேவலுக்கு எண்ணெய் போடுவது சைலஸ். சாராய ஆலைப் புகைபோக்கியில் விரிசல் பூசுவதும் அவன்தான். உயரத்தில் தொங்கிப் பிழைக்கும் தொழில். இந்தத் தொழிலைக் காட்டித்தான் இருபது வருஷமாக அவனைப் போட்டியிலிருந்து தள்ளி வைத்திருந்தார்கள்.

படகை ஆடாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, பலகையிலிருந்த கொடியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கரையில் இறங்கினான். புல்லில் கிடந்த கயிற்றை எடுத்து, கத்தியால் இரண்டு துண்டு வெட்டி, மரத்தைச் சுற்றி இரண்டு சுருக்குப் போட்டான். ஒன்று இடுப்புக்கு, ஒன்று காலுக்கு.

"கயிறு குடுத்ததுக்கு ரொம்ப நன்றி சார்," என்றான்.

"இறங்குடா கீழே!"

"இனிமேத்தான் ஏறவே போறேன் சார்."

ஏறினான். ஒரு சுருக்கைத் தள்ளி, மற்றொன்றில் நின்று, புழு போல மெதுவாக ஏறினான். நாற்பதடிக்கு மேல் மரம் காற்றில் ஆடத் தொடங்கியபோது கரையில் யாரோ ஒருத்தி வீல் என்று கத்தினாள். அது ஹெஸ்டர் அல்ல. ஹெஸ்டர் இடுப்பில் கைவைத்து நின்று, "கோடு படுக்கையா வரணும், நேராக் கட்டு!" என்று கத்தினாள். உச்சியில் அவன் நேராகவே கட்டினான். இனி வேறு கயிறு கோக்கவும் முடியாதபடி கப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். ஒன்பதாவது விதிப்படி படகு நகர்ந்தது.

திங்கள்கிழமை மேஜர் அவன் வீட்டுக் கதவைத் தட்டினார். கொடியை இறக்கக் கொண்டுவந்த தீயணைப்பு ஏணி நாற்பதடியோடு நின்றுவிட்டது. பக்கத்து ஊரில் இதே தொழில் செய்பவன் ஹெஸ்டரின் தம்பி. அவனுக்கு அன்று பார்த்து முதுகுவலி.

"அதை எறக்கணும் குரோக்கர்."

"பட்டியல்ல எங்க பேரு சேரட்டும் சார். அப்புறம் பேசலாம்."

மேஜர் பல்லைக் கடித்துக்கொண்டார். பட்டியலைக் கையோடு கொண்டு வந்திருந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, கடைசி வரியில் தடுப்பணைத் தெரு கிளப் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹெஸ்டர் அதை எடுத்து மை காயும்வரை ஊதினாள்.

"சேர்த்தாச்சு. இப்போ எறக்கு."

சைலஸ் ஜன்னலைத் திறந்தான். கூரைகளுக்கு மேலே வெள்ளையும் பச்சையுமாக அது பறந்துகொண்டிருந்தது.

"எதுக்கு சார்? பட்டியல்ல இருக்கிற கொடிதான் மரத்துல ஏறும்னு சொன்னீங்க. பட்டியல்லயும் இருக்கு, மரத்துலயும் இருக்கு. அடுத்த வருஷம் எங்களை எவனாவது ஜெயிக்கட்டும், அன்னிக்கு நானே ஏறி அவிழ்த்துத் தர்றேன்."