கைப்பிடி வைத்த கதவு

ஊரில் பாதிப் பேர் வீட்டுக் கதவு தச்சர் கைவேலைதான். ஒருநாள் ஆத்திரம் கண்ணை மறைத்தது. மரத்தில் போட வேண்டிய கொட்டாப்புளிச் சுத்தியலைத் தொழில் கூட்டாளியின் தலையில் போட்டுவிட்டார். ஆள் பிழைக்கவில்லை. ஆபத்தானவர் என்று தரம்பிரித்து அவரைச் சிறையின் உயர்காவல் பகுதியில் அடைத்தார்கள்.

அங்கே கதவுகளுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. கதவைத் தொட்டாலே தண்டனை. மகள் பார்க்க வந்தால் நடுவில் கண்ணாடி. ஆளுக்கொரு பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு வருஷம் அவள் கை வளர்ந்தது. கண்ணாடி மட்டும் அப்படியே குளிர்ந்து கிடந்தது.

இப்போது அவரைக் குறைந்த காவலுக்கு மாற்றியிருந்தார்கள். இங்கே பூட்டு இல்லை, கண்ணாடியும் இல்லை. ஆனால் தச்சர் காலையில் எழுந்து, சாத்தியிருந்த தன் அறைக் கதவின் முன்னால் நின்றார். யாராவது திறப்பார்கள் என்று நின்றுகொண்டே இருந்தார். பட்டறை வேலைக்குப் போகவில்லை. 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று மேலிடத்துக்குத் தகவல் போனது. மனுஷனை வருஷக்கணக்காக அப்படிப் பழக்கிவிட்டு, பழகிவிட்டான் என்று குற்றம் சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது!

தரம்பிரிக்கும் அதிகாரியம்மா நேரிலேயே வந்தார். "நாளைக்கு உங்க பொண்ணு வருது. நீங்களா கதவத் தொறந்து போய்ப் பாருங்க. முடியலைன்னா திரும்பக் கண்ணாடிக்குத்தான் அனுப்பணும். எனக்கும் வேற வழியில்ல."

மறுநாள் காவலர் கூட்டிவந்து விட, தச்சர் பார்வையாளர் அறைக் கதவின் முன்னால் நின்றார். பித்தளைக் கைப்பிடி வெயிலில் மின்னியது. காவலர் தூரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தச்சரே, நேரம் ஓடுது. பூட்டலய்யா, போங்க."

கை எழவில்லை. கதவின் ரேகைகள் தண்ணீரைப் போல நெளிந்தன. இழைத்த மரத்தின் வாசனை எங்கிருந்தோ வந்தது. சுருள் சுருளாய் மரச்சீவல் பாதம்வரை மூடுவதாகவும், அதில் சின்ன மகள் குதித்து விளையாடுவதாகவும் தோன்றியது. அவளைத் தூக்கப் போனால் நடுவில் கண்ணாடி.

உள்ளே யாரோ இருமினார்கள்.

"அப்பா? நீங்களா?"

"நான்தாம்மா."

"இன்னும் தொறந்து விடலயாப்பா? நானும் வந்ததுலேருந்து இந்தக் கதவுகிட்டயே நிக்கிறேன்."

"பூட்டவே இல்லம்மா."

"பூட்டலயா?" என்றாள் மெதுவாக. "அப்புறம் ஏம்ப்பா நிக்கிறீங்க?"

"நீ எதுக்கு நிக்கிற?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷம் அவளும்தான் ஒவ்வொரு கதவின் முன்னாலும் நின்றிருக்கிறாள். தண்டனை தனக்கு மட்டும் என்றுதானே அவர் இருந்தார்! இனி அவளையாவது நிற்கவைக்கக் கூடாது என்று தோன்றியது.

கதவைப் பார்த்தார். இந்த முறை தச்சராகப் பார்த்தார். கீல் தன் பக்கம் தெரியவில்லை, உள்பக்கம் இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நின்னுக்கம்மா," என்றார். "இது உள்பக்கமா தொறக்குற கதவு. இடிச்சிடப் போகுது."

செருப்புகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. தச்சர் கைப்பிடியைத் தொட்டார். வெயிலில் இருந்ததால் அது வெதுவெதுப்பாக இருந்தது.