வெடிமருந்து அறைக்கு ஒரு குட் மார்னிங்

சுற்றுலாக் கப்பல் வந்த நாளில் கோட்டைக்கு ஏறுவது எனக்குப் பிடிக்காது. கப்பல் வராத நாளில் சம்பளம் கிடையாது. ஆகவே ஏறினேன்.

அன்று காலையிலேயே இரண்டாவது பயணிகள் கூட்டம். தொண்டை கட்டிவிட்டது. "இந்தக் கோட்டையை ஆங்கிலேயர் கட்டினார்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். மேலாளர் கார்ல்டன் லிபர்ட் எழுதிக் கொடுத்தது அப்படி. ஓர் ஆங்கிலேயனும் ஒரு கல்லைக்கூட இந்த மலைமேல் தூக்கியதில்லை. தூக்கிய அடிமைகளின் வாரிசுகள் நாங்கள். இந்த வரலாற்றைப் படித்துப் பட்டம் வாங்க நான் வேறு தீவுக்குப் போனேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அம்மா ஓட்டலில் அடுத்தவர் படுக்கையை உதறி உதறிப் படிக்க வைத்தாள். கிடைத்தது இந்தத் தற்காலிக வழிகாட்டி வேலை. அது நிரந்தரமாகுமா என்பது அன்று தெரிந்துவிடும். கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி என்னைப் பார்க்க வந்திருந்தாள். அவளுக்குப் பிடித்தால் ஆண்டு முழுக்கச் சம்பளம்.

கார்ல்டன் டை கட்டிக்கொண்டு அவள் கூடவே நடந்தார். அவர் பேச்சு பாதி மலை ஏறுவதற்குள் வெள்ளைக்காரப் பேச்சாகிவிட்டது.

வெடிமருந்து அறை பூட்டியிருந்தது. சாவி, கோட்டையைக் கூட்டிப் பெருக்கும் வயதான மிஸ் யூலலியின் இடுப்பில். அவர் குரங்குகள் போட்ட குப்பையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"யூலலி, கதவத் தெற. சீக்கிரம்" என்றார் கார்ல்டன்.

விளக்குமாறு நிற்கவில்லை.

"யூலலி! காது கேக்கல?"

எங்கள் தீவில் பஸ்ஸில் ஏறினால்கூட மொத்த பஸ்ஸுக்கும் குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் உட்காருவோம். சொல்லாதவன் எங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டான். கார்ல்டன் வெளியூர்க்காரர் இல்லை. யூலலி வீட்டுப் பின்சந்தில் மூக்கு ஒழுக வளர்ந்தவர்தான். அந்தப் பெண்மணி பக்கத்தில் நின்றதில் எல்லாம் மறந்துபோயிற்று.

"டெல்சியா, ஏதோ சத்தம் கேக்குதே. குரங்கா இருக்குமோ?" என்று யூலலி என்னிடம் கேட்டார்.

"தெறந்துடுங்க மிஸ் யூலலி. எனக்காக."

"உனக்குன்னா தெறப்பேன் பொண்ணே. நீ வந்ததும் குட் மார்னிங் சொல்லிட்ட. இவன் சொல்லட்டும். இவங்கம்மா உயிரோட இருந்தா வாய் மேலயே ஒண்ணு போட்டிருப்பா."

கார்ல்டன் என் காதருகே வந்தார். "கெழவிக்குக் காது கேக்காதுன்னு சொல்லிட்டு எல்லாரையும் அடுத்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போ. இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமில்ல?"

தெரியும். சொல்லியிருக்கலாம். காது கேட்காத கிழவி எதற்கு என்று அடுத்த வாரமே யூலலியை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அதற்காகத்தான் சொல்லவில்லை என்று பெருமையடிக்க மாட்டேன். காலையிலிருந்து சொன்ன பொய்யிலேயே வாய் வலித்தது, இன்னொன்றுக்குத் தெம்பில்லை.

கப்பல்காரியிடம் திரும்பினேன். "அவங்களுக்குக் காது நல்லாவே கேக்கும். குட் மார்னிங் சொல்லாம இங்க யாரும் யாருக்கும் வேலை சொல்ல முடியாது. இவர் சொல்லல. நீங்களும் சொல்லல."

கார்ல்டனின் கழுத்து நரம்பு புடைத்தது. வேலை போயிற்று, நாளைக்காவது தூங்கலாம் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்மணி கைதட்டினாள். "அடடா, எவ்வளவு அழகா இருக்கு! வாங்க, எல்லாரும் சேர்ந்து சொல்லலாம்!"

"குட் மார்னிங், மிஸ் யூலலி!" வெயிலில் சிவந்த அத்தனை முகமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் கத்தின. போன்கள் உயர்ந்தன. சொன்னவருக்குத் திருப்பிச் சொல்லாமலிருப்பதும் எங்களிடம் இல்லை. யூலலி போன்களைப் பார்த்து "குட் மார்னிங்" என்றார். கதவைத் திறந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

கூட்டம் இறங்கிய பிறகு கார்ல்டன் கூப்பிட்டார்.

"வேலை நிரந்தரம். வாயாடியா இருந்தாலும் பொழைச்சுக்கிட்ட. ஆனா அந்த ஐட்டத்த தெனமும் வைக்கணும்."

"எந்த ஐட்டம்?"

"அதான், கெழவி தெறக்காம நிக்கிறது, நீ வெளக்கம் சொல்றது, எல்லாரும் கத்துறது. கம்பெனி அம்மா சொக்கிப் போயிட்டா."

கையெழுத்துப் போட்டேன். அம்மா அழுதாள், சந்தோஷத்தில்.

இப்போது கப்பல் வரும் நாளெல்லாம் அந்தக் கதவடியில் கூட்டத்தை நிறுத்துகிறேன். என் மக்களின் மரியாதையை எனக்குத் தெரிந்த நல்ல சொற்களில் விளக்குகிறேன். அவர்கள் கத்துகிறார்கள், சிரிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். நடுவில் சில நாள், நாங்கள் வருவதற்குள் யூலலி கதவைத் திறந்தே வைத்துவிட்டார். பூட்டச் சொல்லி கார்ல்டன் ஆளனுப்பினார்.

நேற்றுக் கூட்டம் வருமுன் தனியாக ஏறிப் போனேன்.

"குட் மார்னிங், மிஸ் யூலலி."

அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "எத்தன பேரு?"

"யாருமில்ல. நான் மட்டுந்தான்."

"அப்புறம் யாருக்காகச் சொல்ற?"

கீழே வளைவில் முதல் வேன் உறுமிக்கொண்டு ஏறியது. யூலலி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவைப் பூட்டப் போனார்.