மூத்தவளின் ஓவன்

அந்தப் புதன்கிழமை மத்தியானம் வீட்டைத் திறந்து உள்ளே வந்த குமுதா, கைப்பையைக்கூட இறக்காமல் நேரே சமையலறைக்குப் போய் ஓவன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது.

வீட்டில் யாருமில்லை. கணவன் விமலன் செம்பனைக் குலை ஏற்றும் லோரியோடு விடியலிலேயே போய்விட்டான். அவன் மகள் கண்மணி புதன்கிழமைகளில் பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே டியூஷனுக்குப் போய்விடுவாள். வேன் கொண்டுவந்து விட ஐந்து மணியாகும். சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. இந்த மாதத்தில் இது நான்காவது தடவை. குமுதா கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள், எதுவோ ஒட்டிக்கொண்டதைப் போல.

ஓவன் திலகத்தினுடையது. திலகம் விமலனின் முதல் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் கேக்கை உள்ளே வைத்துவிட்டு, நெஞ்சு அடைக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அந்தக் களேபரத்தில் கேக்கை யாரும் நினைக்கவில்லை. மாவு பொங்கி வழிந்து, ஓவனின் அடித்தட்டில் கருகிக் கட்டியாகிப் போனது. குமுதா கலும்பாங்கிலிருந்து கல்யாணமாகி இந்தக் கோலசிலாங்கூர் வீட்டுக்கு வந்து ஏழு மாதம். அவள் வரும்வரை அந்த ஓவனை ஒருவரும் திறக்கவில்லை என்றுதான் விமலன் சொன்னான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை திலகத்தின் திதி. சுமங்கலியாகப் போனவள், புதுச்சேலையும் பூவும் வளையலும் வைத்துப் பூவாடைக்காரி படையல் போடவேண்டும். "அவளுக்கு ரொம்பப் பிடிச்சது பட்டர் கேக்தான். அதுவும் ஒண்ணு வச்சிரலாமா?" என்று விமலன் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தான்.

குமுதாவுக்குக் கேக் புதிதல்ல. கலும்பாங்கில் தீபாவளி என்றால் வரிசை வீடு முழுக்க அவள் சுட்ட கேக்தான் போகும். வெண்ணெயை வெளியே வைத்து இளக்குவாள், மாவை இரண்டு தடவை சலிப்பாள், ஓவனைக் கால் மணி நேரம் முன்னாலேயே சூடாக்கி நடுத்தட்டில் வைப்பாள். உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்றுகூட வாங்கிப் பார்த்தாள். சூடு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று தடவை சுட்ட கேக்கும் பாதியில் நடுவே குழிந்து உட்கார்ந்துவிட்டது. கொடியில் துணி எடுக்கப் போய்வருவாள், அதற்குள் குழிந்திருக்கும்.

தன் கையால் ஒன்றும் வேண்டாம் என்கிறாள் மூத்தவள் என்று குமுதா நினைத்தாள். கண்மணியும் அப்படித்தான். பத்து வயதுப் பிள்ளை, குமுதா சமைத்ததைத் தொடுவதில்லை. அப்பா வாங்கிவரும் நாசி லெமாக் சோறோ ரொட்டியோதான். குமுதாவை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. அம்மா விழுந்த நாளிலிருந்து சமையலறைக்குள் அவள் காலே வைப்பதில்லை. தண்ணீர்ப் போத்தலைக்கூட விமலன்தான் நிரப்பிக் கொடுப்பான். படையலன்றைக்காவது அந்தப் பிள்ளை தன் கையால் ஒரு வாய் சாப்பிடவேண்டும் என்பதுதான் குமுதா முருகனிடம் வைத்திருந்த வேண்டுதல்.

இரவு சுங்கை பஞ்சாங்கிலிருந்து விமலனின் அக்கா கலாவதி போன் செய்தாள். குமுதா எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவ சாமான்ல கைய வச்சா சும்மா விடுவாளா ஒன்னை?" என்று சிரித்த கலாவதி, உடனே குரலை மாற்றிக்கொண்டாள். "ஏய், வெளையாட்டுக்குச் சொன்னேன்லா. மொதல்ல ஓவனக் கழுவுனியா நீ?"

"இல்லண்ணி. தொடவே பயமா இருக்கு."

"ரெண்டு வருஷத்து அழுக்க வச்சிக்கிட்டு கேக் உப்பலன்னா எப்படி உப்பும்? சோடா மாவும் வினிகரும் போட்டு நல்லாத் தேய். பேயாம், பேய்!"

சனிக்கிழமை காலை குமுதா மாவைக் கலக்கி மூடிவைத்துவிட்டு, ஓவன் முன்னால் மண்டியிட்டாள். அடித்தட்டில் கறுப்பாக ஒரு திட்டு, உள்ளங்கை அகலம். "அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்று முணுமுணுத்துவிட்டுக் கரண்டிக் காம்பால் சுரண்டினாள். ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது.

சில்லென்று ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

குமுதாவுக்கு உயிர் போய் வந்தது. திரும்பினால், கண்மணி. சமையலறைக்குள், வெறுங்காலோடு நின்றாள்.

"எடுக்காதீங்க! அது அம்மாவோடது."

குமுதா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சூடு பண்ணுனா வாசம் வரும்" என்றாள் கண்மணி, தரையைப் பார்த்துக்கொண்டு. "அம்மா கேக் வாசம். முன்ன ஹால் வரைக்கும் வரும். இப்ப கதவத் தெறந்து மூஞ்சிய உள்ள கொண்டுபோனாத்தான் வருது."

"நான் கேக் வச்சப்பவும் தெறந்தியா?"

பிள்ளை தலையாட்டினாள். "ஒங்க கேக் வாசம் வந்தா அம்மா வாசம் அடியில போயிருது. அதுக்கு முன்னாடி பாத்துக்கலாம்னு… நீங்க ஒவ்வொரு தடவ சுடும்போதும் அது கொறையுது, தெரியுமா?"

பாதி வெந்த கேக்கின் மேல் கதவைத் திறந்தால் அது குழியாமல் என்ன செய்யும்? குமுதாவுக்குக் கோபம் வரவில்லை. இந்த ஏழு மாதத்தில் கண்மணி அவளிடம் இவ்வளவு பேசியதே இல்லை.

"எல்லா நாளும் நீதான் சூடு பண்ணுனியா?"

"திங்களும் வெள்ளியும் மட்டும். மத்த நாளு டியூஷன் இருக்குலா."

குமுதா ஓவன் மேல் கையை வைத்தாள். புதன்கிழமை உள்ளங்கையில் பட்ட வெதுவெதுப்பு ஞாபகம் வந்தது. முதுகில் ஒரு கூச்சம் ஓடி, மெல்ல அடங்கியது. பிள்ளை வீடு திரும்புமுன் ஓவனைச் சூடாக்கி வைத்துவிட்டுப் போகிறவளைக் கண்டு எதற்காகப் பயப்படவேண்டும்? அவள் குனிந்து, விழுந்த சில்லை எடுத்து, இருந்த இடத்திலேயே பொருத்தி வைத்தாள்.

"சரி. எடுக்கல" என்றாள்.

மாவுத் தட்டை ஈரத்துணியால் மூடிக்கொண்டு, இரண்டு வீடு தள்ளியிருந்த கைருன்னிசா வீட்டுக்குப் போனாள். கைருன்னிசா மசாலா அடைத்த கறிபாப் சுட்டுச் சந்தையில் விற்பவள். தெருவே அவளை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும்.

"என்னடி, ஒன் ஓவன் செத்துப்போச்சா?" என்று கேட்டுவிட்டு லாத்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தன் கறிபாப் தட்டை வெளியே எடுத்துவிட்டு இடம் கொடுத்தாள். "திலகத்துக்கா? நல்லா வரும், வையி."

யாரும் கதவைத் திறக்கவில்லை. கேக் மேடாக, பொன்னிறமாக எழும்பியது.

ஞாயிறு மதியம் திலகத்தின் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு எல்லாம் பரப்பியாயிற்று. விமலன் சாம்பிராணித் தட்டை எடுத்தபோது குமுதா தடுத்தாள். "அது அப்புறம் போடலாங்க. பத்து நிமிஷம்."

"சாம்பிராணி இல்லாம படையலா?" என்றாள் கலாவதி. "எந்த ஊர்ப் பழக்கம்மா இது?"

குமுதா கண்மணியின் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போய், ஒன்றும் வைக்காத ஓவனை நூற்று எண்பது டிகிரிக்குத் திருகினாள். இருவரும் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி நின்றார்கள். உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது.

"இப்ப தெற" என்றாள் குமுதா.

முதலில் கருகல் நெடிதான் வந்தது. அதன் பின்னாலேயே ஏலக்காய். அப்புறம் குலா மலாக்கா வெல்லம் உருகும் இனிப்பு. பிள்ளை சொன்னதற்கு மாறாக அது குறைந்தே இருக்கவில்லை; சமையலறையைத் தாண்டி, நடையைத் தாண்டி, படம் இருந்த ஹாலுக்குப் போயிற்று. மணியாட்டிக்கொண்டிருந்த விமலனின் கை நின்றுவிட்டது.

"திலகம்…" என்றாள் கலாவதி. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

காற்றே இல்லாத மதியத்தில் படத்தின் முன்னிருந்த விளக்கின் சுடர் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வாசம் வந்தது போலவே கலைந்தது. விமலன் கற்பூரம் ஏற்றினான்.

இலையிலிருந்த கேக்கைக் குமுதா துண்டு போட்டு, முதல் துண்டைக் கண்மணியிடம் நீட்டினாள். பிள்ளை படத்தைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், வாங்கிக் கடித்தாள். மெதுவாக மென்றாள்.

"நல்லாதான் இருக்கு. ஆனா அம்மாவுது மாதிரி இல்ல."

"இருக்காதுதான்" என்றாள் குமுதா.

எல்லாரும் போன பிறகு குமுதா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கண்மணி தானாகவே சமையலறைக்குள் வந்து, ஆறிப்போன ஓவனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். நெடுநேரம் யோசித்தபின் அடித்தட்டில் விரலால் ஒரு கோடு போட்டாள்.

"இந்தப் பக்கம் கழுவிக்கங்க சின்னம்மா. அந்தப் பக்கம் வேணாம்."

குமுதா சோடா மாவைக் குழைத்து எடுத்து வந்தாள். கண்மணி டார்ச் லைட்டைப் பிடித்துக்கொள்ள, கோடு வரைக்கும் மட்டும், அதைத் தாண்டாமல், மெல்லத் தேய்த்தாள்.