மார்டெல் எழுதாத பதில்கள்

நாய் என்றால் மார்டெல்லுக்குப் பயம் கிடையாது. ஆனால் மூச்சு நின்றுவிடும். நாய் படுத்து எழுந்த இடத்தில் அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், நெஞ்சுக்குள் விசில் ஊதத் தொடங்கிவிடும். அறுபத்தொரு வயதுக்கு மேல் இதை யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது தப்புக் கணக்கு என்று ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் தெரிந்தது.

பனி கொட்டும் டுலூத் நகரத்தில், ஏரியைப் பார்த்த மேட்டில் அவள் வீடு. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் குழந்தைகளுக்குச் சோறு போட்டுவிட்டு ஓய்வு பெற்றவள், கீழ்த்தளத்து அறையை வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டாள். அறைக்குத் தனி வாசல் உண்டு. ஆனால் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் ஒன்றுதான். கீழே இருக்கும் காற்றையே அது மேலேயும் ஊதும். அதனால் மருத்துவரிடம் கடிதம் வாங்கி, அறை பிடித்துத் தரும் நிறுவனத்துக்கு அனுப்பி, விலக்கு வாங்கி வைத்திருந்தாள். நோயாளிக்கு உதவப் பழக்கிய சேவை நாயோடு வருகிறவர்களை வீட்டுக்காரர்கள் மறுக்கக் கூடாது என்பது அங்கே விதி. இவளைப் போல அதே வீட்டில் குடியிருந்து, நாயால் உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் மறுக்கலாம்.

ஃபோனில் வருகிற கேள்விகளுக்குப் பதில் எழுதுவது, அறையைக் கூட்டுவது, படுக்கை விரிப்பை மாற்றுவது எல்லாம் ஆர்லிஸ் பொறுப்பு. அதே பள்ளிச் சமையலறையில் பக்கத்து அடுப்பில் நின்றவள், முப்பது வருடச் சிநேகிதி. எழுதுவது ஆர்லிஸ், போவது மார்டெல்லின் பெயரில். ஃபோனைக் கண்டாலே மார்டெல்லுக்கு அலுப்பு. தன் பெயரில் என்ன போகிறது என்று ஒரு நாளும் அவள் எட்டிப் பார்த்ததில்லை.

அந்த வாரம் ஆர்லிஸ் மகள் கல்யாணத்துக்கு அரிசோனா போயிருந்தாள். அதனால்தான் ராய்ஸ் டெஸ்மரின் கேள்வி நேராக மார்டெல்லின் கைக்கு வந்தது.

"எனக்கு வலிப்பு இருக்குங்க. உங்க ஊர் ஆஸ்பத்திரியில நாலு நாள் சோதனை. என்கூட மேபல்னு ஒரு லாப்ரடார் நாய் வருவா. வலிப்பு வர்றதுக்கு முன்னாடியே மோப்பம் புடிச்சு என்னைக் கீழ உக்கார வெச்சிடுவா. சொல்லாம வந்து நிக்கிறது தப்புன்னுதான் முன்கூட்டியே எழுதுறேன்."

இப்படிப்பட்டவனிடம் இல்லை என்று சொல்ல மார்டெல்லுக்கு மனசே வரவில்லை. கடையில் சேவை நாய்ச் சட்டை ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, கொஞ்சிக் கொஞ்சிக் கெடுத்த நாயையெல்லாம் சேவை நாய் என்று சாதிக்கும் புண்ணியவான்களை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். விருந்தாளியிடம் கேட்க அனுமதி உள்ள கேள்விகளே இரண்டுதான்: உடல் குறைக்காகத்தான் நாயா, அது என்ன வேலை செய்யும்? இந்த மனிதன் கேட்காமலேயே இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டான். அவள் ஒற்றை விரலால் அரை மணி நேரம் தட்டித் தன் நிலைமையை எழுதினாள். அதோடு விடாமல் தேவாலயத்துப் பாடகர் குழுவில் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, நாயை ஏற்கிற நல்ல வீடு ஒன்றையும் பிடித்துக் கொடுத்தாள்.

பதில் பத்து நிமிடத்தில் வந்தது.

"என் மனைவியோட சித்தி பொண்ணு அக்டோபர்ல உங்க வீட்டுலதான் தங்கினா. கூட அவ பூடில். 'தாராளமா கூட்டிட்டு வா'ன்னு எழுதினது நீங்கதானே? ஆசைக்கு வளக்குற நாய் வரலாம், நோயாளியோட நாய் வந்தா மட்டும் உங்களுக்கு மூச்சு முட்டுமா? நான் புகார் குடுக்கப் போறேன்."

கூடவே ஒரு படம். கீழறையின் பச்சை சோபாவில், மார்டெல் பின்னிய கம்பளி விரிப்பின் மேல், வெள்ளைப் பூடில் ஒன்று ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது.

மார்டெல் முதலில் அவன் வீடு மாறிச் சொல்கிறான் என்றுதான் நினைத்தாள். ஆனால் விரிப்பு அவளுடையது. ஃபோனில் பழைய பதில்களைத் தேடிப் பின்னோக்கிப் போனாள். அங்கே இருந்தது. "அடடா, தாராளமா கூட்டிட்டு வா! நான் நாய்ப் பைத்தியம். ஒன்பதாம் தேதிலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் நான் ஊரில் இல்லை, உனக்கும் வசதி. அன்புடன், மார்டெல்." நாய்ப் பைத்தியமாம்! செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் பூடில், நவம்பர் ஆறாம் தேதி இரண்டு வேட்டை நாய்கள். எல்லாம் மாதத்தில் அவள் நாலு நாள் பெமிட்ஜி போய், முதியோர் இல்லத்தில் இருக்கும் அண்ணனைப் பார்த்துவிட்டு வரும் தேதிகள். அந்தத் தேதிகள் இந்த உலகத்தில் இன்னும் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நவம்பர் பத்தாம் தேதி அவள் பெமிட்ஜியிலிருந்து திரும்பினாள். பதினொன்றாம் தேதி மத்தியானம் சமையலறைத் தரையில் விழுந்தாள். மூச்சு உள்ளே போகவில்லை, இருமக்கூட முடியவில்லை. ஆர்லிஸின் எண்ணை அழுத்திவிட்டுப் பேச முடியாமல் கிடந்தாள். எதுவும் கேட்காமலே புரிந்துகொண்டு பனியில் காரை ஓட்டி வந்தவள் ஆர்லிஸ்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவளும், கையை விடாமல் கூடவே ஏறியவளும் அவள்தான். அவள் வந்திராவிட்டால் மார்டெல் இன்று இல்லை. அதை இல்லையென்று சொல்ல முடியாது என்பதுதான் இப்போது அவளை உறுத்தியது.

அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் குனிந்து, "வீட்டுல நாய், பூனை ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார். மார்டெல்லின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி, கண்ணில் நீர். பதில் சொன்னவள் ஆர்லிஸ்.

"சேச்சே! அந்த வீட்டுல ஒரு முடி கூட இருக்காது டாக்டர்."

காரணம் தெரியாததால் மருத்துவர்கள் ஐந்து நாள் இருட்டில் தடவுவது போல வைத்தியம் பார்த்தார்கள். பூஞ்சையாக இருக்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் மார்டெல் சுவரைப் பெயர்த்துப் பார்த்தாள். பாட்டை நிறுத்தச் சொன்னார்கள், குழுவிலிருந்து விலகினாள். பழைய தூசியாக இருக்கலாம் என்று, அம்மா துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வையைக்கூடக் குப்பைக்குப் போட்டாள். அதைப் பையில் திணித்து வாயைக் கட்டிக் கொடுத்தவளும் ஆர்லிஸ்தான். "போனா போகுது விடுடி, உசுரு முக்கியம்" என்று வேறு சொன்னாள்.

கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்கள். இவள் குழியைப் பறித்து, தள்ளியும் விட்டு, பிறகு கயிற்றோடு ஓடி வந்திருக்கிறாள்.

மறுநாள் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. விலக்கு பெற்ற வீட்டில் மூன்று முறை நாய்கள் தங்கியிருக்கின்றன. ஐந்து நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். உடல் குறையுள்ளவனிடம் பொய் சொல்லிக் கதவடைத்தவள் என்ற பெயரோடு. மார்டெல் வாழ்க்கையில் பல பேச்சு வாங்கியிருக்கிறாள், பொய்க்காரி என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆர்லிஸ் வந்தாள். கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட ஹாட்டிஷ் கையில், வெயிலில் சிவந்த மூக்கு.

"என்னடி பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? கல்யாண வீட்டுலேர்ந்து வந்திருக்கேன், ஒரு காபி கூடக் கிடையாதா?"

மார்டெல் ஃபோனை மேசை மேல் திருப்பி வைத்தாள். பச்சை சோபாவில் பூடில்.

ஆர்லிஸ் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"மூணே தடவைதான். நீ ஊர்ல இல்லாதப்போ. நானே மண்டி போட்டு மூலை முடுக்கெல்லாம் தொடச்சேன்."

"எத்தனை தடவைன்னா கேட்டேன்?"

"சரி, சொல்லிடறேன். உனக்கு அதுல பாதி மனப்பிராந்தின்னுதான் நெனச்சேன். மொத நாய் வந்துட்டுப் போன மறுநாள் நீ அதே சோபாவுல உக்காந்து துணி மடிச்ச. உனக்கு ஒண்ணும் ஆகல. பாத்தியான்னு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்."

"அந்த வாரம் பூரா இருமினேன்டி."

"சளின்னு சொன்ன."

"எனக்குத் தெரியாது, சளின்னு சொன்னேன். உனக்குத் தெரியும்ல?"

ஆர்லிஸின் குரல் உடைந்தது. "என் நாய் பஸ்டர் என்கிட்ட பன்னெண்டு வருஷம் இருந்தான். பன்னெண்டு வருஷமும் நீ என் வீட்டுப் படி ஏறல. என் பொறந்தநாளுக்குக் கேக்கை வாசல்ல குடுத்துட்டு ஓடுவ. அவன் செத்ததுக்கப்புறமும் வரல, கம்பளத்துல முடி இருக்கும்ன. எனக்கு எப்படி இருந்திருக்கும்? சும்மா சாக்கு சொல்றா, என்னைத்தான் புடிக்கலன்னு தோணாதா?"

அந்த வருத்தம் நிஜம். அதை இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தான் கேட்டறியவில்லை என்பதும் நிஜம். ஆனால் கோபம் அதையும் தாண்டி மேலே வந்தது.

"என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமே. முகத்துக்கு நேரா திட்டியிருக்கலாமே. சரி, அதை விடு. ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் நாய் பூனை இருந்துச்சான்னு கேட்டாரு. அப்ப உனக்கு அந்த வேட்டை நாய்ங்க ஞாபகம் வந்துச்சா, இல்லியா?"

ஆர்லிஸ் ஜன்னலைப் பார்த்தாள்.

"வந்துச்சு."

"வந்தும்?"

"சொன்னா நீ என்கூடப் பேசவே மாட்டியோன்னு பயந்துட்டேன்."

"அன்னைக்கு எனக்குப் பேச்சே வரலியேடி பாவி!"

வெளியே பனி வாரும் வண்டி ஒன்று தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது.

மார்டெல் ஃபோனை எடுத்து, எழுதி வைத்திருந்த விளக்கத்தைத் திறந்தாள். ஆர்லிஸ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தன் பெயரைக் கண்டதும் பதறினாள்.

"வேணாம்டி. நான் இன்னும் நாலு வீட்டுல இதே வேலை பாக்குறேன், எல்லாரும் கழுத்தைப் புடிச்சுத் தள்ளிடுவாங்க. மாத்திரை போட்டுச் சமாளிச்சேன்னு எழுதிடு. யாருக்கு நஷ்டம்? முப்பது வருஷம்டி!"

"மாத்திரை போட்டா சமாளிக்கலாம்னா, அந்த வலிப்புக்காரப் பையன் சொன்னது சரின்னு ஆயிடும். நான் பொய்க்காரின்னு ஆயிடும். என் பேர்ல நீ எழுதினது போதும்."

எந்தப் பொத்தானை அழுத்தினால் போகும் என்று மார்டெல்லுக்குத் தெரியவில்லை. இத்தனை காலம் அதை அழுத்தியவள் பக்கத்திலேயே நின்றாள், வாயைத் திறக்கவில்லை. மார்டெல் தேடித் தேடிக் கண்டுபிடித்து அனுப்பினாள். ஆர்லிஸ் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, கதவைச் சாத்தாமல் போனாள்.

நிறுவனம் அவள் விளக்கத்தை ராய்ஸுக்கும் அனுப்பியிருந்தது; திங்களன்று அவனிடமிருந்து நாலு வரி வந்தது. "மன்னிச்சிடுங்க அம்மா. மேபலைக் கண்டதும் திடீர்னு ஒவ்வாமை வர்றவங்களை நெறைய பாத்துட்டேன். நீங்களும் அப்படித்தான்னு நெனச்சேன். நீங்க புடிச்சுக் குடுத்த வீடு நல்லாருக்கு." நிறுவனமும் விளக்கத்தை ஏற்று, விலக்கை அப்படியே இருக்க விட்டது. மார்டெல்லின் பெயர் சுத்தமாயிற்று. இரண்டையும் அவள் படித்தாள். எதுவும் உள்ளே இறங்கவில்லை.

வியாழக்கிழமை நுரையீரல் மருத்துவரைப் பார்க்கப் போனாள். வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடி விவரங்களைச் சரிபார்த்தாள். முகவரி அதேதானா, மருந்து அதேதானா.

"அவசரம்னா கூப்பிட வேண்டியவங்க ஆர்லிஸ் ஹாக்லண்ட்னு இருக்கு. அப்படியே இருக்கட்டுமா?"

"அழிச்சிடும்மா."

"வேற யார் பேர் போடட்டும்?"

அண்ணனுக்கு இப்போதெல்லாம் அவளையே அடையாளம் தெரிவதில்லை. பிள்ளை குட்டி இல்லை. பாடகர் குழுவில் இருப்பவர்கள் நல்லவர்கள்தான், பார்த்தால் சிரிப்பார்கள்.

"காலியா விடக் கூடாதா?"

"விட முடியாதும்மா. யாராவது ஒருத்தர் பேர் போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்."

பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். மார்டெல் கைப்பையைத் திறந்து, உள்ளே யாருடைய எண்ணோ இருப்பது போலத் தேடத் தொடங்கினாள்.