கெட்டி ஆயில்

…முனகுகிறார்கள், வேறென்ன, இந்தக் காலத்து மனிதர்களுக்கு வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லத் தெம்பில்லை, பேங்கில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள் முனகுகிறாள், மருந்துக் கடைக்காரன் எந்த மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்பதை ஏதோ குடும்ப ரகசியம் மாதிரி என் சட்டைப் பொத்தானிடம் சொல்கிறான், டிவியில் செய்தி வாசிக்கிறவன் காலையில் சாப்பிட்டானா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கிறது, சத்தத்தைக் கூட்டி வைத்தால் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள், அங்கிருந்து எதையோ சொல்கிறாள், என்னடி என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறாள், அது மட்டும் நன்றாகக் கேட்கும். இதோ இவனும் அதே ரகம்தான், இந்த மெக்கானிக், ஆள் ஒல்லி என்பதால் எல்லாரும் ஊசி என்று கூப்பிடுகிறார்கள், நாற்பது வயதைத் தாண்டியவன், என் வேனின் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே தலையை விட்டுக்கொண்டு பேசுகிறான், எஞ்சினிடம் சொல்கிறானா என்னிடம் சொல்கிறானா, யாருக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிற என் மகள் மட்டும் தலையை ஆட்டுகிறாள். என்ன ஆட்டுகிறாய், என்ன சொன்னான்? "டைமிங் செயின்ப்பா," என்று என் முகத்துக்கு நேராக வந்து சொன்னாள், "தளர்ந்து போய் உள்ள அடிக்குதாம். சத்தம் கேக்குதுல்ல?" எனக்கு என்ன கேட்கிறது, எஞ்சின் ஓடுகிறது கேட்கிறது, ஓடுகிற எஞ்சின் தாலாட்டா பாடும்… அடுத்து அவன் என்ன சொல்லப் போகிறான் என்பது பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தபோதே தெரிந்துவிட்டது, அதை மட்டும் உரக்கவே சொன்னான். "திறந்து பாக்கணும், ஐயா."

திறந்து பார்க்கணும். இந்த எழுபத்திரண்டு வயதில் இதைச் சொல்லாத மெக்கானிக் ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை, ஹாரன் அடிக்கவில்லை என்று போய் நின்றால்கூட எஞ்சினைத் திறந்து பார்க்கணும் என்பான். பத்து வருடத்துக்கு முன்னால் ஒருத்தன் இதே வேனின் கியர்பாக்ஸைத் திறந்தான், மூடினான், கையைத் துடைத்தான், பார்த்தால் ஜன்னல் ஓரத்தில் இரண்டு போல்ட் மிச்சம். இது என்னடா என்றேன். "கம்பெனிக்காரன் ரெண்டு சேத்துப் போட்டிருக்கான் பெரியவரே, இல்லாமலே ஓடும்" என்றான். ஓடியது, அது வேறு விஷயம், வண்டி நல்ல வண்டி. நாலு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர், நடுவில் ஒன்றரை வருடம் மீட்டர் செத்துக் கிடந்தது, அந்த ஓட்டமெல்லாம் இதில் சேரவில்லை. லாட்ஜுகளிலிருந்து அழுக்குப் படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டி ஏற்றி வருவது, வெளுத்து மடித்துத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பது, இதுதான் எங்கள் தொழில், இருபத்தோரு வருடம் நான் ஓட்டினேன், முட்டி மடங்க மறுத்த பிறகு மூன்று வருடமாக மகள் ஓட்டுகிறாள், வீட்டுக்கும் பெட்ரோல் பங்குக்கும் நடுவில் மட்டும் நான். நாளைக்கு அவள் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், புது வாடிக்கை, முதல் நடை, முழு லோடு. அதற்குத்தான் இந்தப் பயம், நேற்றே வண்டியை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டாள், ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்து காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேட்டால்தான் தெரியுமாம். அந்தச் செயின்தான் எஞ்சினின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஒரே தாளத்தில் பிடித்து வைத்திருப்பது, அது ஒரு பல் தாண்டிவிட்டால் உள்ளே இரும்பும் இரும்பும் இடித்துக்கொண்டு வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும், இதை இவன் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். மலை வளைவில், பின்னால் லோடு லாரி முக்கிக்கொண்டு வருகிறபோது நின்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்லித்தர வேண்டாம். அவள் என் மகள். இந்த எஞ்சினில் அந்த நோய் இல்லை, இருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா?

சொல்லப்போனால் மூன்று வருடமாக இந்த எஞ்சின் நாளுக்கு நாள் அடங்கிக்கொண்டுதான் வருகிறது. எதனால், கெட்டி ஆயிலால். கம்பெனிப் புத்தகத்தில் தண்ணீர் மாதிரி ஓர் ஆயிலை எழுதி வைத்திருக்கிறான், புது எஞ்சினுக்கு அது சரி, வயதான எஞ்சினுக்கு உள்ளே இடுக்கெல்லாம் தேய்ந்து அகன்றிருக்கும், அதற்குக் கெட்டியாக ஊற்றினால்தான் மெத்தை போட்ட மாதிரி இருக்கும், லாரிக்கு ஊற்றுகிறதாகப் பார்த்து நானே வாங்கி நானே ஊற்றினேன், எந்தப் படித்தவனும் சொல்லித்தரவில்லை. ஊற்றின சில மாதத்தில் வால்வு தட்டுகிற டிக்டிக் போய்விட்டது. அடுத்த வருடம் ஃபேன் பெல்ட்டின் கீச்சொலி போய்விட்டது. இந்த வருடம், சிக்னல் போட்டால் டாஷ்போர்டுக்குள் ஒரு டக்டக் வருமே, அதுகூட நின்றுவிட்டது. ஆயிலுக்கும் சிக்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்கலாம், எல்லாம் ஒரே வண்டிதானே, ஓரிடத்தில் நடுக்கம் நின்றால் மற்ற இடத்திலும் நிற்காதா. என் மாப்பிள்ளை ஒரு பேட்டரி கார் வைத்திருக்கிறார், ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது, கதவைச் சரியாக மூடாவிட்டால் உள்ளே ஒரு பெண் குரல் சொல்லுமாம், எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை, அவளும் முனகல்தான். "நம்ம வேனும் இப்போ உங்க கார் மாதிரிதான் மாப்ளே" என்று நான் சொன்னதற்கு அவர் சிரித்தார், எதற்குச் சிரித்தார்? பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஒரு நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், காலையில் உங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்தால் எங்கள் ஜன்னல் கண்ணாடி ஆடுகிறது சார் என்று, வயிற்றெரிச்சல், அவர் கார் ஏழே வருடத்தில் காயலான் கடைக்குப் போய்விட்டது. இதையெல்லாம் ஊசியிடம் சொன்னேன், சிக்னலைத் தவிர. அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே மகளைப் பார்த்துப் பேசினான், என்னைப் பார்த்துப் பேசினால் என்ன குறைந்துவிடும், அவள்தான் எனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. "கெட்டி ஆயில் மேல ஏற நேரமாகுமாம்ப்பா. அது வரைக்கும் செயின் காஞ்சு கிடந்து அடிக்குதாம். நல்லதுன்னு ஊத்தினதே தேய்ச்சிருச்சுன்னு சொல்றாரு." நல்லது. வைத்தியம் பார்த்தவன் மேலேயே பழி.

சரி, என் ஸ்க்ரூ டிரைவரை எடு என்றேன். ஓட்டுநர் கதவின் பையில் எப்போதும் கிடக்கும், ஒரு முழத்துக்கு மேல் நீளம், மரக் கைப்பிடி, இதை வைத்து ஸ்க்ரூ கழற்றியதைவிட எஞ்சினைக் கேட்டதுதான் அதிகம். நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் இரும்பு வழியாகக் காதுக்குள் வந்து நிற்கும், ஊசி வைத்திருக்கிறானே டாக்டர் குழாய் மாதிரி ஒன்று, அதெல்லாம் வேஷம். ஒரு தடவை, வாலிபத்தில் நான் வேலை பார்த்த லாரி ஷெட்டில், நாலு பேர் அரை நாளாகத் தேடின பேரிங் சத்தத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கம் இடது சக்கரம் என்று சொன்னேன், கழற்றினால் குண்டுகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன, அன்றைக்கு முதலாளி என் காதைப் பிடித்து ஆட்டி இதை இன்ஷூர் பண்ணுடா என்றார். அந்தக் காது இது. செயின் ஓடுகிற முன்பக்க மூடி மேல் நுனியை வைத்தேன், கைப்பிடியை வலது காதில் அழுத்தினேன். ஊம் என்று ஓடுகிறது… ஊம்ம் என்று, தூரத்தில் யாரோ கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி, வழவழவென்று, ஒரு தட்டல் உண்டா, ஒரு இடறல் உண்டா. இடது காதில் வைத்தேன். இதில் இன்னும் மெத்தென்று. கெட்டி ஆயில் என்றால் இதுதான். நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தேன், ஒண்ணுமே இல்லையே தம்பி, இதைத்தான் திறக்கணுமா என்றேன். ஊசி என் முகத்தையே பார்த்தான், பிறகு என் காதைப் பார்த்தான், அப்படிப் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பக்கத்தில் வந்து, முனகாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "ஐயா, காதுல வேணாம். அப்படியே பல்லுல கடிங்க."

பல்லில் கடிப்பது எனக்குத் தெரியாததா, கம்ப்ரஸர் ஓடுகிற ஷெட்டில் வெளிச் சத்தம் தாங்காமல் நாங்களே கடித்திருக்கிறோம், ஆனால் அது வேறு அவசியம், இங்கே என்ன கம்ப்ரஸரா ஓடுகிறது. மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். சரி, ஊசி சொன்னதைச் செய்யவில்லை என்ற பேச்சு எனக்கெதற்கு என்று நுனியை அதே இடத்தில் ஊன்றிக் கைப்பிடியைக் கடித்தேன்… கடித்ததும் மண்டைக்குள் யாரோ ஆணி டப்பாவைக் கவிழ்த்து உலுக்கினார்கள். கடகடகடவென்று, தாடையில், கண்ணுக்குப் பின்னால், பிடரியில், ஒரு சுற்றுக்கு ஒரு அறை, அறைந்துவிட்டுச் சறுக்குகிறது, மறுபடி அறைகிறது, மூடியின் உட்பக்கத்தைச் சுரண்டுகிறது… எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தபோது வாயில் எச்சில் ஊறிப் போயிருந்தது. எடுத்ததும் மறுபடி ஊம்ம், கிணறு, அமைதி. "பல்செட் ஆடுது," என்றேன். "என்னப்பா?" "பல்செட்டுடி. எஞ்சின் நடுக்கத்துல என் பல்செட் ஆடுது, அந்தச் சத்தம்." ஊசி கீழே பார்த்துக்கொண்டான், சிரிப்பை அடக்குகிறவன் அப்படித்தான் செய்வான், இல்லை, சிரிக்கவில்லையோ என்னமோ, முகத்தை யார் கண்டது. மகளும் சிரிக்கவில்லை. "நாலு மாசமா தினமும் காலையில இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான்ப்பா கிளம்புறேன்," என்றாள். "ஒவ்வொரு ஏத்தத்துலயும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டுறேன்." அப்படியானால் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கத்தினேன், கத்தாமல் என்ன செய்வது. அவள் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் வாய் அசைந்ததைப் பார்த்தேன், இதில் தப்பு வர வழியில்லை. "சொன்னேன்ப்பா. பத்து தடவை சொன்னேன். நீங்க எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டினீங்க."

முனகியிருப்பாள். சமையலறையிலிருந்து சொல்லியிருப்பாள், நான் டிவி பார்க்கும்போது முதுகுக்குப் பின்னால் சொல்லியிருப்பாள், சொல்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. ஆர்சி புத்தகம் என் பெயரில் இருக்கிறது, நான் சொல்லாமல் திறப்பதில்லை என்று ஊசி விலகி நிற்கிறான், அந்த மரியாதையாவது தெரிந்திருக்கிறது. நாளைக்கு? "நாளைக்கு வாடகை வண்டி சொல்லிக்கிறேன்," என்கிறாள், முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறாள், என்னைச் சும்மா கூட்டி வந்திருக்கிறாள், அப்பாவைக் கேட்காமல் செய்தேன் என்று இருக்கக் கூடாதாம். சரி, திறங்கடா. "திறந்து பாரு தம்பி, நல்லாப் பாரு. உள்ள ஒண்ணும் இருக்காது, அப்ப வந்து என்கிட்ட பேசு. மூடும்போது போல்ட்டை எண்ணு." மகள் என் கையைப் பிடித்தாள், வீட்டில் கொண்டு விடுகிறேன் என்றாளோ உட்காருங்கள் என்றாளோ, நான் கையை உருவிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரை மட்கார்டு மேல் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தேன். எனக்கு நடக்கத் தெரியும்.

தெருவில் இரண்டு பக்கமும் டயர் கடை, கண்ணாடி மாற்றுகிற கடை, சீட் தைக்கிற கடை, ஒரு பயல் சைக்கிளில் என் தோளை உரசிக்கொண்டு போகிறான், மணி அடித்தால் என்ன கேடு, அடிக்க மாட்டார்கள், திரும்பிப் பார்த்து வாயை மட்டும் அசைக்கிறான், போடா. செயினாவது ஒன்றாவது, எந்த எஞ்சினும் பல்லில் கடித்தால் அப்படித்தான் இருக்கும், புது எஞ்சினைக் கடித்துப் பார்க்கச் சொல்லு, மாப்பிள்ளை காரைக் கடித்துப் பார்க்கச் சொல்லு. வாயில் அந்தக் கைப்பிடியின் ருசி போகவில்லை, பழைய ஆயில் குடித்த மரம், கசப்பும் துருவும், துப்பினேன், போகவில்லை. நாக்கு கைப்பிடியைக் கடித்த பல்லையே தேடிப் போய்த் தடவுகிறது, இடது பக்கம், கடைசிப் பல்லுக்கு முந்தினது… பல்செட் இருப்பது வலது பக்கம். இடது பக்கம் என் சொந்தப் பல், மேலே இரண்டு, கீழே இரண்டு, கல் மாதிரி, ஆடுகிற பல் இல்லை. அதனால் என்ன, இந்தப் பக்கம் கடித்தால் அந்தப் பக்கம் ஆடாதா, ஒரே வாய்தானே. ஷெட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் வந்திருப்பேன், இருபது தப்படி, முப்பது, வரும்போது எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சாவி அதிலேயே இருந்தது, இந்நேரம் நிறுத்தியிருப்பார்களா, இல்லை இன்னும் ஓடுகிறதா… நின்று கேட்டேன். சரியாகக் கேட்க வேண்டும் என்று மூச்சையும் பிடித்துக்கொண்டு கேட்டேன். திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும், புகை வருகிறதா இல்லையா என்று. திரும்பவில்லை. அந்த ஆயில் அப்படி, பக்கத்தில் ஓடினாலே தெரியாது என்று சொல்லிக்கொண்டு நடந்தேன்.